கட்டளை காணப்படவில்லை

'இல்லை' என்பது ஒரே சொல்தான். ஆனால் அதற்குப் பொருள் ஒன்றே அன்று. கடைக்காரரிடம் ஒரு பண்டத்தைக் கேட்கிறோம். 'இல்லை' என்கிறார். அந்தப் பண்டம் உலகத்திலேயே இல்லை என்பதா அவர் கருத்து? அன்று. அவர் கடைக்கு அது வராமல் இருக்கலாம். வந்திருந்தும், அவர் பார்க்காத பரணிலே கிடக்கலாம். அல்லது, நாம் சொன்ன பெயர் அவர் அறிந்த பெயராக இல்லாதிருக்கலாம். முதல் 'இல்லை'க்குப் பண்டத்தை வரவழைக்க வேண்டும். இரண்டாவதற்குப் பரணைக் காட்ட வேண்டும். மூன்றாவதற்குப் பெயரைத் திருத்திச் சொல்ல வேண்டும். நோய் ஒன்றாகத் தோன்றினும் மருந்து மூன்று.

கணிப்பொறியும் இப்படி ஓர் 'இல்லை'யைச் சொல்லுகிறது. மென்பொருளை அதன் மூலநிரலிலிருந்து தாமே தொகுத்துக்கொள்ள முற்படுகிறவர்களில் அதைக் காணாதவர் அரியர். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்பது பொறி சொல்லும் ஆங்கிலம். 'கட்டளை காணப்படவில்லை' என்பது அதன் பொருள். அந்த மறுமொழியைப் பற்றியே நேயர்களோடு இப்பொழுது பேச விரும்புகிறேன்.

'இவ்வளவு சிறிய செய்திக்கு ஒரு பேச்சு வேண்டுமா?' என்று கேட்கலாம். கணிப்பொறி கற்கத் தொடங்கும் இளைஞர் பலரை நான் அறிவேன். கடினமான கணக்குக்கு அஞ்சாத சிலர், இந்த மூன்று சொற்களைக் கண்டதும், 'இது நமக்கு வரும் கலை அன்று' என்று எழுந்துவிடுகிறார்கள். வேறு சிலர், எங்கோ கண்ட ஒரு வரியைப் பொருள் அறியாமல் எடுத்து, நிர்வாகியின் முழு அதிகாரத்தோடு தம் பொறியில் இயக்கிவிடுகிறார்கள். முன்னவர் இழப்பது ஊக்கம். பின்னவர் இழப்பது பாதுகாப்பு. இரண்டும் சிறிய இழப்பு அல்ல.

மேலும் ஓர் இழப்பு உண்டு. 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளின் மூலநிரலைப் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் யாவருக்கும் உரிமை வேண்டும் என்பது அத்திட்டத்தின் உயிர்க்கொள்கை. 1987-இல் அதன் தொகுப்பியாகிய 'ஜி.சி.சி.' வெளிவந்தது. 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டார். இன்று அவ்வுரிமை நம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்கிறது. ஆனால் ஏட்டில் எழுதிய உரிமை வேறு. கைக்கு வந்த உரிமை வேறு. மூலநிரலைத் திருத்திய பின் அதைத் தொகுக்கத் தெரியாவிட்டால், திருத்தும் உரிமை இருந்து என்ன பயன்?

எடுத்துக்காட்டாகக் 'குனு ஹலோ' என்னும் சிறு நிரலைக் கொள்வோம். ஒரு வணக்கச் சொல்லைத் திரையில் காட்டுவதே அதன் தொழில். மூலநிரல் எவ்வாறு ஒழுங்குபட இருக்க வேண்டும் என்று காட்டவே அது வழங்கப்படுகிறது. அதைத் தொகுப்பது மூன்று படிகளில் நிகழும். முதலில் 'கன்ஃபிகர்' என்னும் நிரல், நம் பொறியில் என்ன கருவிகள் உள்ளன என்று ஆராயும். அடுத்து 'மேக்' என்னும் கருவி, தொகுப்பியை அழைத்து மூலநிரலைப் பொறிமொழி ஆக்கும். மூன்றாவதாக 'மேக் இன்ஸ்டால்' என்றால், முடிந்த நிரல் உரிய இடத்தில் வைக்கப்படும். இந்த மூன்று படிகளிலும், அவை முடிந்த பிறகுங்கூட, நம்முடைய 'காணப்படவில்லை' வந்து நிற்கக்கூடும்.

அதைச் சொல்லுகிறவர் யார் என்று முதலில் அறிய வேண்டும். நமக்கும் பொறிக்கும் நடுவே 'ஷெல்' என்னும் ஓர் இடையாள் இருக்கிறான். 1979-இல் பெல் ஆய்வுக்கூடத்தின் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல் புகழ் பெற்றது. அந்த மரபில் 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளிவந்ததே, இன்று லினக்ஸில் பெருவழக்காய் உள்ள 'பேஷ்'. நாம் ஒரு சொல்லைத் தட்டினால், அது ஷெல்லின் சொந்தக் கட்டளையாக இல்லாதபோது, அந்தப் பெயருள்ள நிரலை அவன் தேடப் புறப்படுகிறான்.

எங்கே தேடுகிறான்? வட்டு முழுவதுமா? இல்லை. அவன் கையில் ஒரு பட்டியல் உண்டு. 'பாத்' என்பது அதன் பெயர். வழி என்பது பொருள். சில கோப்பகங்களின் பெயர்கள் அதில் முக்காற்புள்ளியால் பிரித்து எழுதப்பட்டிருக்கும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்ப்பான். முதலில் கண்டதை எடுத்துக்கொள்வான். பட்டியல் முடிந்தும் அகப்படாவிட்டால், 'காணப்படவில்லை' என்பான். ஆகவே அவன் வாய்மொழியின் முழுப்பொருள் இதுதான்: 'நீ சொன்ன எழுத்துகளில், நீ தந்த பட்டியலில், நான் காணவில்லை.' அவன் பொய் சொல்லவில்லை, சுருக்கிச் சொல்லுகிறான்.

அந்த மறுமொழியோடு 127 என்ற எண்ணையும் விட்டுச் செல்வான். 126 என்றால், கண்டேன், ஆனால் இயக்க முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் அந்தக் கோப்புக்கு இயங்கும் அனுமதி தரப்படவில்லை. ஓர் எண் வேறுபாட்டில் மருந்தே மாறிவிடுகிறது.

இனி, காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதற்காரணம் பெயர்ப்பிழை. யூனிக்ஸ் மரபில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஓர் இடைவெளி குறைந்தால், இரண்டு சொற்கள் ஒரு சொல்லாகி, அப்படியொரு கட்டளையே இல்லாமற் போகும். எனவே, மறுமொழியில் பொறி திருப்பிச் சொல்லும் பெயரை எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, கண்ணெதிரே இருப்பதைக் காணாமை. 'கன்ஃபிகர்' நாம் நிற்கும் கோப்பகத்திலேயே இருக்கும். அதன் பெயரைத் தட்டினால் 'காணப்படவில்லை' என்ற விடை வரும். கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைவதுபோலத் தோன்றும். ஆனால் நிற்கும் கோப்பகம் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத இடத்தை ஷெல் பார்ப்பதில்லை. பெயருக்கு முன்னே புள்ளியும் சாய்கோடும் இட்டு, 'இங்கே உள்ளது' என்று சுட்டினால் உடனே இயக்கிவிடுவான்.

'நிற்கும் இடத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டால் என்ன?' என்று சிலர் கேட்பதுண்டு. சேர்க்கலாகாது. பலர் புழங்கும் ஒரு கோப்பகத்தில், கோப்புகளை வரிசைப்படுத்திக் காட்டும் 'எல்.எஸ்.' என்ற கட்டளையின் பெயரிலேயே ஒரு தீய நிரலை ஒருவன் வைத்துவிட்டான் என்க. அங்கே நின்று நாம் 'எல்.எஸ்.' என்றால் அவனுடைய நிரல் இயங்கக்கூடும். இந்த ஆபத்தைத் தடுக்கவே இடத்தைச் சுட்டிச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. நமக்குத் தொல்லையாகத் தோன்றும் அந்தப் புள்ளி, வீட்டு வாசலில் இட்ட தாழ்ப்பாள்.

மூன்றாவது, உண்மையாகவே கருவி இல்லாமை. 'மேக்' இல்லை, 'ஜி.சி.சி.' இல்லை என்று பொறி சொன்னால் அவற்றை நிறுவ வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் 'பில்டு எசென்ஷியல்' என்ற ஒரே தொகுப்பு இரண்டையும் கொணரும். ஃபெடோராவில் அவற்றைத் தத்தம் பெயரிலேயே பெறலாம். ஆனால் கட்டளையின் பெயரும் அதைத் தரும் தொகுப்பின் பெயரும் எப்போதும் ஒன்றாயிரா. 'மேக் இன்ஃபோ' காணப்படவில்லை என்றால், அந்தப் பெயரில் தொகுப்பைத் தேடிப் பயனில்லை. அது 'டெக்ஸ் இன்ஃபோ' என்ற தொகுப்பில் இருக்கிறது. 'ஆட்டோரீகான்ஃப்' என்பது 'ஆட்டோகான்ஃப்' தொகுப்பில் உள்ளது, 'ஏ.சி. லோக்கல்' என்பது 'ஆட்டோமேக்' தொகுப்பில் உள்ளது. பிள்ளையின் பெயர் சொல்லி வீடு தேடுவதைவிட, தந்தையின் பெயர் சொல்லித் தேடுவது எளிது அல்லவா?

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'மேக்' வேலை செய்யும்போது பிழை நேர்ந்தால், கடைசி வரியில் 'எரர் 127' என்று மட்டும் நிற்கும். பலர் அந்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்து வருந்துகிறார்கள். அது முறையீட்டின் முடிவுரை. செய்தி அதற்கு மேலே உள்ள வரிகளில் இருக்கிறது. எந்தக் கருவியின் பெயர் அங்கே சொல்லப்படுகிறது என்று முதற்பிழையைத் தேடிப் படிக்க வேண்டும்.

நான்காவது காரணம் நுட்பமானது. 'ஏ.சி. லோக்கல் 1.15 இல்லை' என்பதுபோல, பதிப்பெண்ணோடு ஒரு கருவியைப் பொறி கேட்கும். நம்மிடமோ அதைவிடப் புதிய பதிப்பு இருக்கும். பழையதைத் தேடி அலைய வேண்டுமா? பெரும்பாலும் வேண்டுவதில்லை. 1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 'மேக்' கருவியை உருவாக்கியபோது, ஓர் எளிய நெறியை அமைத்தார். மூலக்கோப்பு, அதிலிருந்து பிறந்த கோப்பைவிடப் புதிதாயிருந்தால், பிறந்ததை மீண்டும் ஆக்க வேண்டும் என்பதே அந்நெறி. புதுமையை அது கோப்பின் நேரத்தைக் கொண்டு அறிகிறது. 'கிட்' போன்ற களஞ்சியத்திலிருந்து கோப்புகளை எடுக்கும்போது, அவற்றின் பழைய நேரம் காக்கப்படுவதில்லை. நேரம் முன்பின்னாகிவிடுகிறது. எழுத்து ஒன்றும் மாறாதிருந்தும், மாறியது என்று கருதி, தேவையில்லாத கருவியை 'மேக்' கேட்கிறது. 'ஆட்டோரீகான்ஃப்' கொண்டு நம்மிடமுள்ள பதிப்பினாலேயே அந்தக் கோப்புகளைப் புதிதாக ஆக்கிக்கொள்ளலாம். அல்லது ஆசிரியர்கள் முறையாக வெளியிட்ட பொதியை இறக்கிக்கொள்ளலாம். இல்லாததைத் தேடுமுன், அது வேண்டுமா என்று கேட்பது நன்று.

ஐந்தாவது, எல்லாம் முடிந்தபின் வரும் 'காணப்படவில்லை'. நிரல் தொகுக்கப்பட்டது, நிறுவப்பட்டது, பெயரைத் தட்டினால் இல்லை என்கிறது. நாமே தொகுத்த நிரல், வேறாகச் சொல்லாவிட்டால், பெரும்பாலும் 'யூ.எஸ்.ஆர்.' என்னும் கோப்பகத்துள் 'லோக்கல்', அதனுள் 'பின்' என்ற இடத்துக்குப் போகிறது. கல்லூரிப் பொறிகளில் நிர்வாகியின் அனுமதி இல்லாத மாணவர், 'பிரிஃபிக்ஸ்' என்ற குறிப்பைக் கொடுத்துத் தம் சொந்தக் கோப்பகத்திலேயே நிறுவிக்கொள்ளலாம். அந்த இடத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது பழைய பட்டியலையும் உடன் எழுத வேண்டும். புதியதை மட்டும் எழுதினால், முன்பு இருந்த இடங்கள் எல்லாம் நீங்கி, 'எல்.எஸ்.' கூடக் காணப்படவில்லை என்று பொறி சொல்லும். அஞ்ச வேண்டா, அந்தக் கருவிகள் அழியவில்லை. மாற்றத்தைத் தொடக்கக் கோப்பில் எழுதாதவரை, புதிய முனையம் ஒன்றைத் திறந்தால் பழைய பட்டியல் திரும்பிவிடும்.

'சுடோ' கொண்டு நிர்வாகியாக இயக்கும்போது பல பொறிகளில் வேறொரு பட்டியல் நடைமுறைக்கு வரும். நமக்கு அகப்பட்ட நிரல் அவருக்கு அகப்படாமல் போவது அதனால்தான். மேலும், ஒருமுறை கண்ட இடத்தைப் பேஷ் நினைவில் வைத்திருப்பான். நிரல் இடம் மாறிய பின்னும், பழைய இடத்துக்கே போய், 'அத்தகைய கோப்பு இல்லை' என்பான். 'ஹாஷ்' என்ற கட்டளையை 'கழித்தற்குறி ஆர்' சேர்த்துக் கொடுத்தால் அந்த நினைவு துடைக்கப்படும்.

இறுதியாக, கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து. விண்டோஸில் எழுதிய கட்டளைக் கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகள் இருக்கும். யூனிக்ஸ் எதிர்பார்ப்பது ஒன்றே. மிகுதியான குறி வெற்றுவரிகளில் தனித்து நின்றால், ஷெல் அதையும் ஒரு கட்டளை என்று எண்ணி, காணப்படவில்லை என்று முறையிடும். காணாமற்போன பெயராகப் பின்சாய்கோடும் ஆர் என்ற எழுத்தும் தோன்றினால், இதுவே காரணம். 'டாஸ் டூ யூனிக்ஸ்' என்னும் கருவி அந்தக் குறிகளை நீக்கித் தரும்.

நேயர்களே, இத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டியவை அல்ல. நான்கு கேள்விகள் போதும். இதைச் சொன்னவர் யார், ஷெல்லா, மேக்கா? எந்தப் பெயரைக் காணவில்லை என்கிறார்? அந்தப் பெயருள்ள நிரல் என் பொறியில் உண்டா? உண்டென்றால், அது இருக்கும் இடம் பட்டியலில் உண்டா? இந்த வரிசையில் கேட்டால் பெரும்பாலான 'இல்லை'கள் சில நிமிடங்களில் 'உண்டு' ஆகிவிடும். விடை அறியுமுன் எவரோ எழுதிய வரியை நிர்வாகியின் அதிகாரத்தோடு இயக்காதீர்கள். ஒரு கருவியைக் காணவில்லை என்பதற்காக வீட்டின் எல்லாக் கதவுகளையும் அகலத் திறந்து வைப்பவர் உண்டோ?

அடுத்தமுறை அந்த மூன்று சொற்களும் திரையில் தோன்றும்போது, அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளையும் பொறுமையாகப் படியுங்கள். எதைக் காணவில்லை என்பதைப் பொறி அங்கேயே சொல்லியிருக்கும். எங்கே தேட வேண்டும் என்பதை இனி நீங்கள் அதற்குச் சொல்லலாம்.