அலைன்மென்ட் போல்ட் இறுகிவிட்டால்: பழைய பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வாகனப் பராமரிப்பு குறித்துப் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் கார்களோடு சில பிக்கப் வண்டிகளும் நிற்கின்றன. இசுசு வி-கிராஸ் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2016-இல். அதற்கும் முந்தைய வண்டிகள் இரண்டு மூன்று இங்கே உண்டு. கடற்காற்றில் வருடக்கணக்காக நிற்கும் வண்டிகள் இவை. உடம்பில் துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். இன்று நான் சொல்ல வந்தது கண்ணுக்குத் தெரியாத துருவைப் பற்றி.

சென்ற மாதம் நம் வளாகத்து நண்பர் ஒருவர் தன் வண்டியின் முன்டயரைக் காட்டினார். வெளி ஓரத்தில் பட்டன் நன்றாக இருக்கிறது. உள் ஓரத்திலோ கம்பி தெரிகிறது. மாதம் ஒருமுறை வயதான பெற்றோரை ஏற்றிக்கொண்டு இரவில் நெடுஞ்சாலையில் போகும் வண்டி அது. "ஆறு மாதம் முன்புதான் அலைன்மென்ட் செய்தேனே" என்றார். ரசீதைப் பார்த்தால், டோ மட்டும் சரிசெய்யப்பட்டிருக்கிறது. கேம்பர் அப்படியே விடப்பட்டிருக்கிறது. காரணம், போல்ட் திரும்பவில்லை. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

வீல் அலைன்மென்ட்டில் மூன்று அளவுகள் உண்டு. சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது டோ. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது கேம்பர். சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டில் பார்க்கும்போது முன்பின்னாகச் சாய்ந்திருப்பது கேஸ்டர். டோவை டை ராடில் சரிசெய்யலாம், அது எளிது. கேம்பரும் கேஸ்டரும் பல பிக்கப்களில் லோயர் ஆர்மைப் பிடித்திருக்கும் கேம் போல்ட்டுகளில்தான் இருக்கின்றன. டொயோட்டா ஹைலக்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு போல்ட்டுகள். சில வண்டிகளில் இதற்குப் பதிலாக அப்பர் ஆர்மில் ஷிம் தகடுகள் இருக்கும். உங்கள் வண்டியில் எது என்று மெக்கானிக்கிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் போல்ட் எங்கே பிடித்துக்கொள்கிறது? நட்டில் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நட்டு பெரும்பாலும் கழன்றுவிடும். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாய் இருக்கிறது. போல்ட் அதற்குள்தான் போகிறது. அந்த மெல்லிய இடைவெளியில் ஈரமும் உப்பும் புகுந்தால் துரு வளரும். இரும்பைவிட அதன் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால் போல்ட்டும் குழாயும் ஒன்றோடொன்று நெருக்கிப் பூட்டிக்கொள்கின்றன.

கண்டுபிடிப்பது எளிது. நட்டைத் தளர்த்திவிட்டுப் போல்ட்டின் தலையை ஸ்பானரால் திருப்பும்போது, கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங்போல் பழைய இடத்துக்கே வந்தால், போல்ட் இறுகிவிட்டது என்று பொருள். திரும்பியது போல்ட் அல்ல, அதோடு சேர்ந்து முறுக்கிக்கொண்ட ரப்பர். இதற்குமேல் பலம் போட்டால் ரப்பர் கிழியும், அல்லது போல்ட்டின் தலை முறியும்.

இந்த நிலையில் படிப்படியாகப் போக வேண்டும்.

முதலில், கேம் வாஷர் இப்போது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பெயின்ட்டால் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு படமும் எடுத்துவையுங்கள்.

அடுத்து, துரு இளக்கும் பெனட்ரேட்டிங் ஆயில். நட்டு இறுக்கமாக இருக்கும்போது வெளியே அடித்தால் பயனில்லை, வாஷர் வழியை மூடியிருக்கும். நட்டைச் சில சுற்று தளர்த்திவிட்டு, புஷ்ஷின் இரு ஓரத்திலும் அடிக்க வேண்டும். ஒரே நாளில் பலன் எதிர்பார்க்காதீர்கள். மூன்று நான்கு நாள், காலையும் மாலையும் அடித்து ஊற விடுங்கள். எல்லோர் வீட்டிலும் இருக்கும் சாதாரண டபிள்யூடி-40 அடிப்படையில் ஈரத்தை விலக்குவதற்காக உருவானது. துருவை இளக்கவென்றே விற்கும் ஆயில் இதற்கு மேல்.

பிறகு, போல்ட்டைக் கொஞ்சம் இறுக்கும் பக்கம், கொஞ்சம் தளர்த்தும் பக்கம் என்று மாறி மாறி அசைக்க வேண்டும். சுத்தியல் போடுவதானால் நட்டைப் போல்ட் முனைக்குச் சமமாக வைத்துவிட்டுத்தான் போட வேண்டும். இல்லையென்றால் மரை போய்விடும்.

அதற்கும் அசையவில்லையா? அறுத்து எடுப்பதுதான் வழி. புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இரு பக்கமும் வெட்டினால் ஆர்ம் கீழே வரும். புஷ்ஷும் போல்ட்டும் போய்விடும், இரண்டையும் புதிதாகப் போட வேண்டும். ஆகவே புதிய கேம் போல்ட், வாஷர், நட்டு, புஷ் எல்லாம் கைக்கு வந்தபின்தான் வெட்டச் சொல்லுங்கள். வெட்டிவிட்டால் வண்டி நகராது. புஷ்ஷை அழுத்திப் பொருத்த பிரஸ் வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், முழு ஆர்மையே மாற்றுவது சில சமயம் மலிவாக முடியும். இரண்டு விலையையும் கேளுங்கள்.

இனி நம் எல்லோருக்கும் பொதுவான விஷயம். ஊற வைப்பதை நம் பார்க்கிங்கில் செய்யலாம், கீழே அட்டை விரித்துச் செய்யுங்கள். கட்டிங் வீலும் கேஸ் நெருப்பும் பட்டறையில்தான். கேஸால் சூடுபடுத்தினால் புஷ் ரப்பர் எரிந்து கரும்புகை வரும். பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் போகிறது. மேலே குடும்பங்கள் வசிக்கும் கட்டடத்துக்கு அடியில், வரிசையாக வண்டிகள் நிற்கும் இடத்தில், பொறி பறக்கும் வேலை வேண்டாம். ஆர்மின் மேல் ஸ்பிரிங்கின் அழுத்தமும் இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடிக்காமல் போல்ட்டை எடுத்தால் ஆர்ம் வீசியடிக்கும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம்.

புதிய போல்ட் போடும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். குழாய்க்குள் போகும் பகுதியில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் மெல்லிதாகத் தடவச் சொல்லுங்கள். மரையில் வேண்டாம். மரை வழுக்கினால் அதே டார்க்கில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். கடைசி இறுக்கம், வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கும்போது நடக்க வேண்டும். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

கூட்டத்தில் இரண்டு கேள்விகள் வந்தன.

"வண்டி லேசாக இடப்பக்கம் போகிறது. அதுவும் இதனாலா?" தண்ணீர் வடிய நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். லேசாக இடப்பக்கம் நகர்வது அதனாலும் இருக்கலாம். டயர்க் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சமமான சாலையில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் இழுத்தால் அலைன்மென்ட் பாருங்கள்.

"பட்டறையில் என்ன கேட்க வேண்டும்?" வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாள் இரண்டையும் கேளுங்கள். அதில் கேம்பர், கேஸ்டர், டோ மூன்றும் இருக்க வேண்டும். வண்டியை விடும்போதே, "நான்கு கேம் போல்ட்டும் திரும்புகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், திரும்பாவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். திரும்புகிற வண்டியென்றால் வருடம் ஒருமுறை அளவு பார்க்கும்போதே போல்ட்டை அசைத்து, பழைய குறிக்குக் கொண்டுவந்து இறுக்கச் சொல்லுங்கள்.

அந்த நண்பரின் வண்டியில் இரண்டு போல்ட்டுகள் ஊறியபின் திரும்பின. மற்ற இரண்டுக்கும் உதிரிபாகம் வரக் காத்திருக்கிறார். அதுவரை நெடுஞ்சாலைப் பயணம் வேண்டாமென்று, பெற்றோரை ரயிலில் அனுப்பிவைத்தார். மற்ற பிக்கப் உரிமையாளர்கள் இந்த ஞாயிறு மாலை டார்ச்சோடு பார்க்கிங்குக்கு வாருங்கள், முன்டயர்களின் உள் ஓரத்தைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.