கணக்கில் ஏறாத தோடு



திருமுல்லைவாயில் பக்கம் ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாரத்தில் மூன்று வீட்டுக் குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும். முதல் வீட்டு அப்பா ஆவடி டேங்க் ஃபாக்டரியில் நிரந்தர ஊழியர். பிள்ளையைத் தொழிற்சாலை மருத்துவமனைக்குத் தூக்கிப் போகிறார்கள். அடுத்த வீட்டு அம்மாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. சம்பளத்தில் முக்கால் சதவீதம் ஈ.எஸ்.ஐ. தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம், முதலாளி மூன்றேகால் சதவீதம் கட்டுகிறார். டிஸ்பென்சரியில் மருந்து கிடைத்துவிடும். மூன்றாம் வீட்டு அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கிறார். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ஆனால் இந்தக் காய்ச்சலுக்கு அந்த அட்டை செல்லாது. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தால்தான் அது பேசும்.

இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பிள்ளைகளை அந்தத் திட்டம் பிழைக்கவைத்திருக்கிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சின்னக் குழந்தைக்கு வருஷத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது இயல்பு. குடும்பத்தின் கையிருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது அந்த ஆறேழு சளிதான்.

பல ஆண்டுகளுக்கு முன் பூந்தமல்லியில் கணக்கெடுப்புப் படிவத்தோடு வீடு வீடாகப் போனேன். ஒரு தாயிடம், “போன வருஷம் பிள்ளைக்கு வைத்தியச் செலவு எவ்வளவும்மா?” என்றேன். “பெருசா ஒண்ணும் இல்லைங்க சார்” என்றார். சுழியம் எழுதிக்கொண்டேன். பேச்சுவாக்கில் அலமாரிக்கு மேலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தார். உள்ளே பாதி பாதியாக நின்றுபோன நாலு சிரப் பாட்டில், நெபுலைசர் மாஸ்க் ஒன்று, நாலாக மடித்த அடகுக் கடைச் சீட்டு. அடகில் இருந்தது காதுகுத்துக்குத் தாய்மாமன் போட்ட தோடு. “வீசிங் வந்தப்ப வெச்சது. அதுவும் செலவுல சேருமா சார்?” என்று கேட்டார். சுழியத்தை அடித்தேன். அதன்பின் எந்தப் படிவத்திலும் சுழியத்தைப் பார்த்தால் எனக்கு அந்தப் பை நினைவுக்கு வந்துவிடுகிறது.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து போகும் பங்கு 2013-14இல் 64.2 சதவீதம்; 2021-22இல் 39.4 என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு. நல்ல செய்திதான். அந்தத் தோடு அதில் எந்தக் கட்டத்தில் ஏறியிருக்கிறது என்று தேடுவது நம் வேலை.

காப்பீடுகளுக்கு நடுவே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 2017 ஜனவரியில் ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000 ரூபாய் ஆனது. இன்கிரிமென்ட் வந்து சம்பளம் அதைத் தாண்டினால், அந்தப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் அட்டை போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டுக்கோ ஆண்டு வருமான வரம்பு 1,20,000. இரண்டுக்கும் வெளியே நிற்பவர், நேற்றுவரை டிஸ்பென்சரியில் வரிசையில் நின்ற அதே தொழிலாளி.

அரசு மருத்துவமனை இருக்கும்போது தெருமுனை கிளினிக்குக்கு ஏன் போகிறார்கள் என்று கேட்கிறோம். ஷிப்ட் முடிந்து வந்து தொட்டுப் பார்க்கும்போதுதான் பிள்ளையின் உடம்பு கொதிப்பது தெரிகிறது. அந்நேரம் திறந்திருப்பது மெடிக்கல் ஷாப்பும் கைராசி டாக்டரும். சிலர் பாட்டியிடம் உரம் எடுக்கிறார்கள், தர்காவில் மந்திரிக்கிறார்கள். அறியாமை என்று ஒதுக்குமுன், அந்த நேரத்தில் வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்று பாருங்கள். 2023இல் திறந்த நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரையும் இயங்கும்படி வைத்ததை நான் பெரிய சீர்திருத்தமாகவே மதிக்கிறேன்.

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் வைத்தியம் இலவசம். 2021 மே முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆனால் போய்வர ஒரு நாள் கூலி போகிறது. பெரிய பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அக்காவைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. புதன்கிழமை தடுப்பூசிக்கு இந்தத் தயக்கம் இல்லை. வெளியே ஒரு டோஸுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் நியூமோகாக்கல் ஊசியை 2021 முதல் அரசே போடுகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் போடுகிறது, தாய்மார் வருகிறார்கள்.

இந்த அரங்கில் கட்டுரைகள் வாசிக்கப்படுமுன், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளிலிருந்து பணிக்கு நடுவே வந்திருக்கும் செவிலியர்கள் பேச வேண்டும் என்று அமைப்பாளர்களைக் கேட்டிருந்தேன், இசைந்தார்கள். செவிலியர்களிடம் “செலவு எவ்வளவு” என்று கேட்காதீர்கள். ஒரு வீட்டுப் பிள்ளைக்குக் கடைசியாகக் காய்ச்சல் வந்த ராத்திரி அந்த வீட்டில் யார் யாரிடம் கைமாற்று கேட்டார்கள், எந்தக் கதவை முதலில் தட்டினார்கள் என்று கேளுங்கள். கொரட்டூரிலிருந்து வந்திருக்கும் சகோதரியை முதலில் மேடைக்கு அழைக்கிறேன்.