பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்



ஐதராபாத் பெரிய நகரம். அங்கே கார், ஆட்டோ, லாரி என்று ஓடும் வண்டிகளுக்குக் கணக்கில்லை. அதனால் பேட்டரியைத் தொட்டு வேலை செய்பவர்களும் மிகப் பலர். மெக்கானிக், டிரைவர், சார்ஜ் போடும் கடைப் பையன், பழைய சாமான் வாங்குபவர் எல்லோருக்கும் பேட்டரி சோறு போடுகிறது. கவனம் தப்பினால் அதே பேட்டரி கண்ணைப் பறித்துவிடும்.

கார் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது? ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடுகள். அவற்றைச் சுற்றிக் கந்தக அமிலம் கலந்த தண்ணீர். இதைத்தான் ஆசிட் என்கிறோம். ஓர் அறைக்கு 2 வோல்ட். ஆறும் சேர்ந்தால் 12 வோல்ட்.

"12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது" என்று பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். அது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு வாசனையும் இல்லை. காற்றில் 100 பங்குக்கு 4 பங்கு சேர்ந்தாலே அது தீப்பற்றும். ஒரு பீடி நெருப்பு போதும், பேட்டரி வெடிக்கும். ஆசிட் முகத்தில் தெறிக்கும். ஆகவே, காற்றோட்டமான இடத்தில் சார்ஜ் போடுங்கள். உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கொளுத்தாதீர்கள். டார்ச் லைட் அடித்துப் பாருங்கள்.

வேலை தொடங்கும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணியுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் வயரை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். இப்படிச் செய்தால் ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

ஏப்ரல், மே மாதங்களில் ஐதராபாத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும். அப்போது டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். புதிதாக ஆசிட் கலக்க நேர்ந்தால், தண்ணீரில்தான் ஆசிடை மெல்ல ஊற்ற வேண்டும். ஆசிடில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு குவளையும் இருக்கட்டும். கண்ணில் ஆசிட் பட்டால் கசக்காதீர்கள். எண்ணெயோ தாய்ப்பாலோ விடாதீர்கள். இமையை விரித்துப் பிடித்து, 20 நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வாளி காலியானால் குழாயடிக்குப் போங்கள். பிறகு உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள். ஐதராபாத்தில் மெஹதிப்பட்டினம் பகுதியில் சரோஜினி தேவி அரசு கண் மருத்துவமனை இருக்கிறது.

அதே நகரில் 1987-இல் எல். வி. பிரசாத் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டது. சென்னையில் பிரசாத் ஸ்டூடியோவை நிறுவிய அதே பிரசாத்தின் பெயர்தான் அது. ஆசிட், சுண்ணாம்பு பட்டு எரிந்த கண்களுக்கு ஒரு புதிய சிகிச்சையை அந்த மருத்துவர்கள் உருவாக்கினார்கள். 2012-இல் அதை உலகுக்கு அறிவித்தார்கள். நோயாளியின் நல்ல கண்ணில், கருவிழி ஓரத்திலிருந்து மிகச் சிறிய துணுக்கை எடுக்கிறார்கள். அதை எரிந்த கண்ணில் பதிக்கிறார்கள். பலருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது.

ஆனால் துணுக்கு எடுக்க ஒரு நல்ல கண் வேண்டுமே! ஆசிட் இரண்டு கண்ணிலும் பட்டுவிட்டால்?

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஈயம் நஞ்சு. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பழைய பேட்டரியை வீட்டில் உடைத்து ஈயம் உருக்காதீர்கள். அதைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

வாளித் தண்ணீருக்குக் காசு செலவில்லை. நாளைக் காலை ஸ்பேனரை எடுக்கும் முன் வாளியை நிரப்புங்கள்.