முதலில் ஒரு நல்ல உளி

வீட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு மரப்பட்டறை போட நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஐயா, என்ன மெஷின் வாங்கலாம்?" என்றுதான். மெஷினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் நல்ல உளி வாங்குங்கள் என்பேன்.

பெரிய செட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். கால், அரை, முக்கால் அங்குலம் என மூன்று போதும். கடையில் உளியை எடுத்ததும் திருப்பித் தட்டைப் பக்கத்தைப் பாருங்கள். அதன்மேல் எஃகு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுவே வெளிச்சம் கசிந்தால் பள்ளம் இருக்கிறது. அதைத் தேய்த்துச் சமப்படுத்துவதற்குள் கை ஓய்ந்துவிடும். பழைய இரும்புக் கடையில் வாங்குகிறவர்களே, கூர்முனையை ஒட்டித் துருக்குழி இருந்தால் அந்த உளியைத் தொடாதீர்கள்.

என்னிடம் தொழில் பழக வந்த தம்பி ஒருவர் பளபளவென்று புது உளி வைத்திருந்தார். தேக்கு நிலையில் கழுந்துத் துளை போடும்போதே கூர் மடங்கிவிட்டது. தேக்கில் மணல்சத்து உண்டு. இளகிய எஃகு அதற்குத் தாங்காது. தேய்ந்து குட்டையாகிப்போன என் பழைய உளியைக் கொடுத்தேன். மரத்தின் தலைப்பக்கத்தைச் சீவினார். சீவிய இடம் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. மழுங்கிய உளி அதே இடத்தை வெளுத்துப் பொடியாக்கும். கூருக்கு இதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது.

ஆகவே உளியோடு சாணைக்கல்லும் வாங்குங்கள். சரிவு 25 டிகிரி, நுனியில் மட்டும் 30 டிகிரி. பென்சில் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் நம்பர் கல்லில் தொடங்கி நைஸ் கல்லில் முடியுங்கள். மோட்டார் சாணையில் பிடிப்பவர்கள் அடிக்கடி தண்ணீரில் தோய்த்தெடுங்கள். நுனி நீலமானால் எஃகின் பதம் போய்விட்டது என்று பொருள்.

உளிக்கு அடுத்தது மூலைமட்டம். அதை வாங்கும்போது, நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். திருப்பி வைத்து அதே இடத்தில் இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி. ரம்பம், இழைப்புளி எல்லாம் வேலை கேட்கக் கேட்க வாங்கலாம். முறையாகக் கற்க ஐ.டி.ஐ.களில் தச்சுப் பிரிவு உண்டு. பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் பயிற்சி தருகிறார்கள். குறைவாக வாங்குங்கள், தரமாக வாங்குங்கள், தினமும் தீட்டுங்கள். அடுத்த பொங்கலுக்குள் உங்கள் கையால் செய்த மணை ஒன்றில் வீட்டாரை உட்கார வையுங்கள்.