நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் இல்லை

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் அணியினரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒக்டோபர் 1 சிறுவர் தினம். முதியோர் தினமும் அன்றுதான். இந்த முறை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனோம். பிள்ளைகள் பாடினார்கள், கேக் வெட்டினோம், படம் எடுத்தோம். புறப்படும்போது ஓர் அம்மா எங்கள் கையைப் பிடித்து, “நீங்க எந்தத் தோட்டம்?” என்று கேட்டார்.

அவர் நம் பக்கத்துத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். நம் சங்கத்துக்குச் சந்தா கட்டியவர். அவர் அங்கே இருப்பது நம்மில் ஒருவருக்கும் தெரியாது.

மகன் கொழும்பில் கடையில் நிற்கிறார். மகள் குவைத்தில். லயத்துக் காம்பராவில் பேரனும் மனைவியும் கைக்குழந்தையும். பிள்ளைகளைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு காம்பராவுக்குள் படுக்கையில் விழுந்த ஒருவரை வைத்துப் பார்ப்பது எப்படி என்று நமக்குத் தெரியும்.

பிறகு, யாருக்கும் சொல்லாமல், ஒரு வேலை நாள் பின்னேரம் மறுபடியும் போனோம். கேக் இல்லாத நாளில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

இல்லம் மோசமில்லை. கூட்டித் துடைத்திருக்கிறார்கள், கட்டிலுக்கு மெத்தை இருக்கிறது. சாப்பாடு பெரும்பாலும் தானமாக வருகிறது. தானம் கொடுப்பவர்கள் வந்து சேரும் வரைக்கும் சோற்றைப் போட மாட்டார்கள். ஒன்றரை மணிக்கு வந்தால் ஒன்றரைக்குத்தான் பகல் சாப்பாடு. சீனி வருத்தக்காரர்களும் காத்திருக்க வேண்டும். கொடுப்பவர் மனம் நோகக்கூடாதாம்.

அந்த அம்மாவின் கட்டிலருகே செம்பு இல்லை, போத்தல் இல்லை. கேட்டோம். “நாலு மணிக்குப் பொறவு தண்ணி குடிக்கக் கூடாதுங்க. ராவுல எழும்பணும்ல” என்றார். சர்வ சாதாரணமாகச் சொன்னார்.

இதைப் பற்றித்தான் பேச வந்தோம். வயதானவர்களுக்குத் தாகம் குறைவாகத் தெரியும். தண்ணீர் குறைந்தால் மூத்திரக் கடுப்பு வரும், மலம் இறுகும், தலை சுற்றி விழுவார்கள், சிலர் குழம்பிப் பேசவும் தொடங்குவார்கள். அதைப் பார்த்து “கிழவிக்கு மறதி வந்துட்டது” என்று சொல்லிவிடுவோம்.

ஏன் இந்தச் சட்டம் என்று வேலை செய்கிற பெண்ணிடம் கேட்டோம். சிங்களப் பிள்ளை, நல்ல பிள்ளை. இரவில் முப்பது பேருக்கு அவள் ஒருத்திதான். ஒருவரைக் கழிவறைக்குக் கூட்டிப் போகும்போது இன்னொருவர் விழுந்தால் பழி அவள் தலையில். பம்பர்ஸ் வாங்கவும் காசில்லை. ஆகவே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். தோழர்களே, அவளும் ஒரு தொழிலாளி. அவளைத் திட்டிவிட்டு வந்தால் நாம் தொழிற்சங்கக்காரர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இரவுக்கு இன்னொரு ஆளைப் போடு என்று நிர்வாகத்திடம்தான் கேட்க வேண்டும்.

அந்த அம்மாவின் குறை வேறு. காலை நாலரைக்கு எழும்பிப் பழகிய உடம்பு அவருடையது. அங்கே ஆறு மணி வரைக்கும் லைட் போட விடமாட்டார்கள். இருட்டில் கட்டிலில் குந்திக்கொண்டு, தேத்தண்ணிக்காகக் காத்திருக்கிறார். “ஒரு சாயத்தண்ணி ஊத்திக் குடிக்க விட்டா போதும்” என்கிறார். அதோடு, அங்கே எல்லாப் பெண்களும் ‘ஆச்சி’தான். பிரட்டில் தினமும் பெயர் கூப்பிட்ட தோட்டத்தில் அவ்வளவு காலம் இருந்தவரை இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. இடுப்பு வலிக்கிறது என்று அவர் சொன்னது வயிற்று வலியாகப் போய், இரண்டு வாரம் வேறு மருந்து குடித்திருக்கிறார். மொழி இங்கே மருந்து விஷயம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதியோர் இல்லங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று அதில் உண்டு. முறைப்பாட்டைப் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கொண்டுபோகலாம். ஆனால் கட்டிலில் கிடப்பவர் எப்படிப் போவார்? யாராவது வெளியிலிருந்து போய்வந்தால்தான் உள்ளே இருப்பவர் வாய் திறப்பார்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். செக்ரோலில் பெயர் வெட்டியதும் சந்தா நிற்கிறது; சந்தா நின்றதும் நம் கணக்கிலிருந்தும் ஆள் போய்விடுகிறார். சேமலாப நிதிக்கும் பணிக்கொடைக்கும் படிவம் நிரப்பிக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். ஓய்வு பெற்றவர்களின் பெயர்ப் பட்டியல் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியிடமும் இருக்க வேண்டும்; யார் எங்கே இருக்கிறார், யார் பார்க்கிறார் என்று எழுதி வைக்க வேண்டும். அதை இன்றைக்கே தீர்மானமாக எடுக்கக் கேட்கிறோம். சிலர் “இது சங்க வேலையா” என்று கேட்பீர்கள். அவர்கள் கட்டிய சந்தாவில்தான் இந்தக் கட்டடத்துக்கு ஓடு போட்டோம்.

நிர்வாகத்திடம் பேசினோம். கோபப்படவில்லை. கட்டிலருகே தண்ணீர் வைக்க ஒத்துக்கொண்டார்கள். இரவுக்கு இரண்டாவது ஆள் பற்றி, பார்க்கலாம் என்றார்கள். சாயத்தண்ணி விஷயத்தில் நெருப்புப் பயம் சொல்கிறார்கள். சுடுதண்ணிப் போத்தல் வாங்கிக் கொடுத்தால் முதல் நாள் இரவே நிரப்பி வைக்கலாம் என்று அந்தப் பிள்ளைதான் யோசனை சொன்னாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு பின்னேரம் நாலரைக்குப் போகிறோம். இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்குச் சிங்களம் தெரிந்திருக்க வேண்டும். பழம் கொண்டுவர வேண்டாம், அங்கே குவிந்து கிடக்கிறது. அந்த அம்மாவின் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கால் கழன்றிருக்கிறது, நூல் கட்டிப் போட்டிருக்கிறார். சின்ன ஸ்குரூ டிரைவர் வைத்திருப்பவர் யாராவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள்.