நடந்து போகும் தூரம்



ஜூன் மாதம் வந்தால் சென்னையில் சில அரசு மேல்நிலைப் பள்ளிகளின் வாசலில் காலையிலேயே பெற்றோர் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பெரும்பாலோர் ஆறாம் வகுப்புக்கு இடம் கேட்டு வந்தவர்கள். அதே ஜூன் மாதத்தில், நாலைந்து தெரு தள்ளி, ஒரு தொடக்கப் பள்ளியின் ஆசிரியைகள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு பள்ளியில் உட்கார இடமில்லை, இன்னொன்றில் அறை காலியாகக் கிடக்கிறது. இது எப்படி நேர்கிறது என்பதைச் சென்னையின் ஈக்காட்டுத்தாங்கல் பகுதியை வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

ஈக்காட்டுத்தாங்கலுக்கு வடக்கே அடையாறு. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் ஜாபர்கான்பேட்டை, அசோக் நகர். தெற்கே கிண்டித் தொழிற்பேட்டை. நடுவே ஊரை வகுந்துகொண்டு போகிறது நூறடிச் சாலை. அதன் மேலே 2015 ஜூன் மாதத்திலிருந்து மெட்ரோ ரயில். தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவர்கள் வாடகைக்கு இருந்த தெருக்களில் இப்போது தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். ஒரு குடும்பம் இருந்த மனையில் ஆறு குடும்பம், எட்டுக் குடும்பம் வந்துவிடுகிறது. அந்தக் கட்டடத்துக்கு அனுமதி தரும் கோப்பில் தண்ணீர் உண்டு, கழிவுநீர் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. அங்கே குடிவரப் போகும் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போவார்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. வகுப்பறை கேட்கும் கோப்பு வேறொரு அலுவலகத்தில் தனியாக நகர்கிறது.

சட்டத்தில் குறையில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டமும் அதன் விதிகளும் தெளிவாகவே சொல்கின்றன: தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டர் நடை தூரத்துக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள். ஐந்தாம் வகுப்பு வரை முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் எட்டு வரை முப்பத்தைந்துக்கு ஒருவர். ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை. மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. வெள்ள அபாயமோ, பள்ளிக்குப் போகும் வழியில் சிறு பிள்ளைகளுக்கு வேறு ஆபத்தோ இருக்கும் இடங்களில் அந்தத் தூர வரம்பைக் குறைக்க வேண்டும் என்கின்றன. மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளி அமைப்பதைப் பற்றியும் பேசுகின்றன.

ஆனால் வரைபடத்தில் பள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் ஆறு மறைந்துபோகிறது. நூறடிச் சாலையும் மறைந்துபோகிறது. ஆறு வயதுப் பிள்ளை பாலம் இருக்கும் இடம் வரை சுற்றிப் போய்த்தான் ஆற்றைக் கடக்க முடியும். அந்தச் சாலையை அது தனியாகக் கடக்கவே முடியாது, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் கூட வரவேண்டும். பள்ளி நேரத்துக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடும் தாய்க்கு அது நடக்காத காரியம்.

எனவே பெற்றோர் தாங்களே ஒரு கணக்குப் போடுகிறார்கள். தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும், பிறகு மறுபடி இடத்துக்கு அலைய வேண்டும். பன்னிரண்டு வரை உள்ள பள்ளியாக இருந்தால் ஒருமுறை அலைந்தால் போதும். ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா, பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, வாசலில் பஸ் நிற்குமா என்று பார்க்கிறார்கள். நல்ல பெயர் எடுத்த பள்ளி இப்படித்தான் நிரம்பி வழிகிறது. அவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். கையில் இருக்கும் ஒரே வாய்ப்பை அவர்கள் கவனமாகப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தக் கணக்கைப் பெற்றோரிடம் மட்டும் விடாமல் விதி வகுத்த நாடுகளும் உண்டு. இலங்கையில் முதலாம் வகுப்புச் சேர்க்கைக்கு வீடு எவ்வளவு அருகில் என்பதற்குப் புள்ளிகள் உண்டு. நீங்கள் கேட்கும் பள்ளியைவிட வீட்டுக்குப் பக்கத்தில் வேறு அரசுப் பள்ளி இருந்தால், ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும். சிங்கப்பூரில் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை, பிறகு இரண்டு கிலோமீட்டர் வரை. அமெரிக்க நகரங்களில் தெருவாரியாகவே எல்லை வகுத்து, பிள்ளைகள் பெருகும்போது அதை மாற்றி வரைகிறார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் சண்டை நடக்கிறது. நம் அரசுப் பள்ளிகளில் அப்படிக் கறாரான எல்லை கிடையாது. இங்கேயும் அது வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. ஏழைக் குடும்பம் தேடிக் கண்டுபிடித்த நல்ல பள்ளியின் கதவை ஒரு கோடு மூடிவிடும். எல்லை வரைவது அவசியம்தான். ஆனால் அது பிள்ளையைத் தடுப்பதற்காக இருக்கக் கூடாது. இந்தத் தெருக்களில் வாழும் இத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளி பொறுப்பு, இத்தனை அறையும் ஆசிரியரும் இங்கே இருந்தாக வேண்டும் என்று அரசைக் கட்டுப்படுத்துவதற்காக இருக்க வேண்டும்.

அந்தப் பொறுப்பு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னை கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை என்று அடையாற்றின் இரு கரையையும் மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்த கையோடு, ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் திட்டமிடப்பட்ட, எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. கல்வியாண்டின் பாதியில், பொதுத் தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கும்போது பிள்ளைகள் அங்கே போய் இறங்கினார்கள். வீடுகள் கட்டி முடிந்திருந்தன. அந்த வீடுகளுக்கு ஈடான வகுப்பறைகள் இல்லை. பழைய பள்ளியை விட மனமில்லாமல், விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்து நகரத்துக்கு வந்து படித்த பிள்ளைகள் உண்டு. வந்துபோக முடியாமல் படிப்பை நிறுத்தியவர்களும் உண்டு.

இதில் வெளியே தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. அரசுப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை ஆகஸ்ட் முதல் தேதியில் இருக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்து முடிவு செய்கிறார்கள். பணியாளர் நிர்ணயம் என்று அதற்குப் பெயர். உபரி ஆசிரியர்களைத் தேவைப்படும் பள்ளிக்கு மாற்றுவது பணி நிரவல். டிசம்பரில் வந்து சேரும் பிள்ளை அந்த ஆண்டின் கணக்கில் வருவதே இல்லை. அரசே குடும்பங்களை இடம் மாற்றும்போது, ஆசிரியர் பணியிடமும் அவர்களோடு அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். அதற்கு ஓர் ஆணை போதும்.

காலியாகும் தொடக்கப் பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட்டு இடத்தை வேறு காரியத்துக்குக் கொடுத்துவிட்டால், நகரத்துக்குள் அந்த மனை மறுபடி கிடைக்காது. அந்த வளாகத்திலேயே எட்டாம் வகுப்பு வரையாவது தரம் உயர்த்தினால், நெரிசலான பள்ளியின் பாரம் தானாக இறங்கும். ஆற்றைக் கடக்க வேண்டிய அவசியமும் பல வீடுகளுக்கு இல்லாமல் போகும்.

சென்னைப் பெருநகருக்கு 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் முழுமைத் திட்டம் தயாராகி வருகிறது. இருபது ஆண்டுக்கு எங்கே எத்தனை மாடி எழும்பலாம் என்று சொல்லப் போகும் ஆவணம் அது. பள்ளிக்கான இடமும் அதே வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும்.

அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியதும் இருக்கிறது. உங்கள் பகுதி அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதும் உரிமையைச் சட்டமே அந்தக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்களும் நடக்கின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது, உங்கள் தெருவில் புதிதாக எழும்பும் கட்டடங்களில் எத்தனை வீடுகள் என்று எண்ணிக்கொண்டு போங்கள். அந்தப் பிள்ளைகள் எந்த வழியாக, எந்தச் சாலையைக் கடந்து, எந்த வகுப்பறைக்குப் போவார்கள் என்று வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.