மட்டாஞ்சேரியும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் மரபு. அத்தகைய புலமை எனக்கில்லை. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு இரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன் நான். ஆதலின், நாம் நாள்தோறும் கண்ணாற் காணும் ஓர் ஊரைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன். அவ்வூர் மட்டாஞ்சேரி.

1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளம் பழைய கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்துவிட்டது என்பர் வரலாற்றாசிரியர். அதன்பின் மிளகு தேடி வந்தோரும், பிழைப்புத் தேடி வந்தோரும், அடைக்கலம் தேடி வந்தோரும் இக்கரையில் குடியேறினர். போர்ச்சுகீசியரின் கொடுமைக்கு அஞ்சிக் கோவாவை விட்டுப் போந்த கொங்கணியர் செறளாயியில் திருமலைக் கோயில் கண்டனர். யூதர் 1568இல் தம் தொழுகைக் கூடத்தைக் கட்டினர். குஜராத்தியர், கச்சி மேமன்கள், மலையாளிகள், தமிழர் எனப் பலரும் ஒருவர் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒருவராக வாழ்ந்தனர். அரண்மனை, அதன் வளாகத்துப் பகவதி கோயில், யூதர் தொழுகைக் கூடம் ஆகிய மூன்றும் அங்கு அடுத்தடுத்து நிற்கின்றன. தமக்கு அருகே அந்நியர் தொழுவதற்கு இடம் தந்த அரசரின் பெருந்தன்மைக்கு அது இன்றும் சான்று.

இவ்வூரின் அமைப்பைச் சற்று உற்று நோக்குங்கள். பஜார் சாலையின் பண்டகசாலைகளுக்குத் தெருப்பக்கம் ஒரு வாயில். காயற்பக்கம் ஒரு வாயில். வள்ளங்களில் வந்த அரிசியும் மிளகும் சுக்கும் பின்வாயிலில் இறங்கின; முன்வாயிலில் வண்டி ஏறின. சுமை தூக்குவோர், கணக்கெழுதுவோர், தேநீர் விற்போர், சாக்குத் தைப்போர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தனர். வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் கோயிலுக்கும் நடந்தே போய்வரலாம். நகரமைப்பு வல்லுநர் இக்காலத்தில் பெரிய நூல்களில் எழுதும் கருத்தை, எழுத்தறியாத முன்னோர் தம் வாழ்க்கையில் கண்டிருந்தனர்.

ஆயினும், பழமை முழுவதும் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. துறைமுகக் கூலிகளுக்கு வேலை கொடுத்த முறை 'சாப்பா' எனப்பட்டது. உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவார்கள். முட்டி மோதி எடுத்தவனுக்கே அன்று வேலை. அதனை எதிர்த்து நிகழ்ந்த போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர் உயிர் துறந்தனர். அழகிய பழைய சுவர்களைப் பார்க்கும்போது இதனையும் நினைக்க வேண்டும்.

ஆட்சி முறையிலும் விந்தை உண்டு. மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் அரசைச் சேர்ந்தது. அதனை ஒட்டிய கோட்டைக் கொச்சியோ ஆங்கிலேயர் ஆட்சியில் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1956 நவம்பர் 1ஆம் நாள் கேரளம் உருவாகும் வரை சென்னையின் கீழிருந்தது. சில நிமிட நடையில் ஓர் ஆட்சியை விட்டு மற்றோர் ஆட்சிக்குப் போய்விடலாம்! 1967 நவம்பர் 1ஆம் நாள்தான் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரி, எறணாகுளம் ஆகிய மூன்று நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின.

இணைப்பினால் பெருமை வந்தது. வாணிகம் அதற்கு முன்னரே விலகத் தொடங்கிவிட்டது. 1920இல் வந்த இராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் கடல்வாயை ஆழப்படுத்தி, தோண்டிய மண்ணைக் கொண்டு விலிங்டன் தீவை உண்டாக்கினார். கப்பல்கள் அங்கே அணைந்தன. நம் இரயிலும் அத்தீவின் துறைமுக நிலையம் வரை ஓடிற்று. பின்னர் 2011இல் வல்லார்பாடத்தில் கொள்கலன் முனையம் திறந்தது. சரக்குத் தீவை விட்டும் அகன்றது. துறைமுக நிலையத்திலோ நாளாந்தப் பயணிகள் வண்டிகள் நின்றுபோயின. துறை நகர்ந்தால் தொழில் நகரும். தொழில் நகர்ந்தால் மட்டாஞ்சேரிப் பண்டகசாலை பூட்டப்படும். பூட்டிய பண்டகசாலைகள் பல இன்று பழம்பொருட் கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறியுள்ளன. 2012இல் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் கலைக் கண்காட்சிக்கு உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். இவை வேண்டாம் என்பார் யார்? வருமானம் வரட்டும். ஆனால், வாடகையும் மனை விலையும் ஏறும்போது, அவ்வூரிலேயே பிறந்த கூலித் தொழிலாளி எங்கே போவான் என்னும் வினாவையும் கேட்டாக வேண்டும்.

யூதத் தெருவைப் பாருங்கள். இஸ்ரேல் நாடு 1948இல் அமைந்த பின்னர், யூதர் தம் விருப்பாலும் சமயப் பற்றாலும் அங்குச் சென்றனர். அவர்களை யாரும் விரட்டவில்லை. இன்று தெருவின் பெயர் நிலைத்திருக்கிறது. அப்பெயருக்கு உரிய குடும்பங்கள் ஏறக்குறைய இல்லை. விரும்பிச் சென்றோரின் கதை அது. பிழைக்க வழியின்றி ஏனையோரும் சென்றுவிட்டால், மட்டாஞ்சேரி முழுவதுமே பெயர்ப்பலகைகளின் ஊராகிவிடும் அன்றோ?

அரசும் மாநகராட்சியும் வாளா இருக்கவில்லை. 2016இல் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தின் முதற்பட்டியலில் கொச்சி இடம்பெற்றது; அதில் கோட்டைக் கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதிகளும் சேர்ந்தன. கல்வத்திக்கு அருகே துருத்தியில், இடநெருக்கடியில் வாடிய 394 குடும்பங்களுக்காக இரண்டு அடுக்குமாடிகள் எழுந்து, 2025இல் திறக்கப்பட்டன. அதே ஆண்டில், சேறு படிந்து நெடுநாள் முடங்கிய மட்டாஞ்சேரிப் படகுப் பயணத்துக்கு மாற்றாக, வாட்டர் மெட்ரோவின் படகுத்துறையும் வந்தது. இவற்றை மனமாரப் பாராட்டுவோம்.

ஆனால், வீடு கட்டிக் கொடுப்பதோடு திட்டம் முடிந்துவிடுமா? தரையில் வாழ்ந்த குடும்பம் மாடி ஏறினால், வாசற்படியில் மீன் வலை பின்னியவர், திண்ணையில் தையற்பொறி வைத்தவர், தெருமுனையில் அப்பம் சுட்டு விற்றவர் தம் தொழிலை எங்கே செய்வர்? பக்கத்து வீட்டுப் பாட்டி யார் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள்? நடைக்கூடம், விளையாட்டிடம், தொழிற்கூடம், கூடிப் பேசும் இடம் ஆகியவற்றுக்குச் சுவரைப் போலவே கவனம் வேண்டும்.

நூறாண்டுகளுக்கு முன்பே இதனைச் சொன்னவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டுப் பேரறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1915இல் சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். மதுரையும் தஞ்சையும் அவற்றுள் அடங்கும். அகலமான சாலை ஒன்றை வரைபடத்தில் கோடாக இழுத்து, குறுக்கே நிற்கும் வீடுகளையெல்லாம் இடிப்பதை அவர் ஏற்கவில்லை. முதலில் ஊரை நடந்து பார். மக்கள் எவ்வாறு வாழ்கின்றனர் என்று அறி. பாழடைந்த சிலவற்றை மட்டும் நீக்கிக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி செய். எஞ்சியதைப் பழுது பார்த்துக் காப்பாற்று. இதுவே அவர் முறை. உடலைக் காக்கும் அறுவை மருத்துவத்துக்கு அதனை அவர் ஒப்பிட்டார். மட்டாஞ்சேரிக்கு வேண்டியது அந்த மருத்துவமே. இராமேசுவரம் வாய்க்கால் என்று நம் நாட்டுப் பெயர் தாங்கிய ஒரு கால்வாய் அங்கு ஓடுகிறது. அதில் அடைப்பின்றி நீரோடினால், மழைக்காலத்தில் எத்தனையோ வீடுகளில் வெள்ளம் புகாது. பெரும் பொருட்செலவில் எழும் அழகுப் பணிகளைவிட அது முதன்மையானது.

நல்ல திட்டத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், நம்மவரிடமே ஒன்று இருக்கிறது. கோட்டைக் கொச்சி வெளியில் உள்ள சலவைக்கூடத்தை அறிவீர்கள். டச்சுக்காரரின் படைவீரர் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அங்கு உழைக்கின்றனர். 1976இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் அவர்களுக்குக் கூடம் கட்டிக் கொடுத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் தொட்டியும் துவைகல்லும், எல்லோருக்கும் பொதுவான உலர்த்தும் வெளியும் தேய்ப்புக் கூடமும் அங்குண்டு. முறுக்கிய கயிற்றின் இடுக்கில் செருகிய துணி காற்றில் பறக்காமல் நிற்பதைப் பார்த்து வெளிநாட்டார் வியக்கின்றனர். தொழிலோடு தொழிலாளியை அவன் வாழ்ந்த ஊரிலேயே நிறுத்திய திட்டம் அது. அதை நடத்துவதும் அவர்களுடைய சங்கமே. இப்போது அங்கே தலை நரைத்தவர்களே மிகுதி. சலவைப் பொறிகள் பெருகிவிட்டன. இளைஞர் வேறு வேலைக்குச் செல்கின்றனர். செல்லட்டும், படிக்கட்டும், உயரட்டும். எனினும், முந்நூறு ஆண்டுகளாக இம்மண்ணில் தமிழ் பேசிய அப்பெருமக்களின் வரலாறு எழுதப்படாமலே மறைந்துவிடலாகாது.

அன்பர்களே! நம் சங்கம் உத்தியோகஸ்தர்களின் சங்கமாக மட்டும் நின்றுவிடக் கூடாது. மாற்றல் ஆணை வந்தால் மூட்டை கட்டும் நமக்கு முன்பே, மாற்றல் என்பதே இல்லாமல் இங்கு வேர்விட்ட தமிழர் அவர்கள். அவர்கள் பெயர்கள் நம் உறுப்பினர் பட்டியலில் இடம்பெற வேண்டும். அடுத்த ஆண்டு விழா மேடையில் அவர்களுள் ஒரு பெரியவர் தலைமை தாங்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, மட்டாஞ்சேரியிலும் கோட்டைக் கொச்சியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களை வீடு வீடாகச் சென்று கண்டு, முதியோர் சொல்லும் செய்திகளை எழுதி வைப்பது. இரண்டாவது, மாநகராட்சியின் வார்டுக் குழுக்களில் குடியிருப்போர் சங்கங்களுக்கு இடமுண்டு; நம் வீட்டுப் பெண்களுக்கு அயல்கூட்டங்களும் உண்டு. அங்குச் சென்று, ஊராரோடு ஊராராய், மலையாளத்தில் வாய் திறந்து பேசுவது. மூன்றாவது, விடுமுறை நாளொன்றில் நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று அத்தெருக்களை நடந்தே காட்டுவது. பல மதத்தாரும் பல மொழியாரும் சிறு நிலப்பரப்பில் பூசலின்றி வாழ்ந்த விதத்தை எந்தப் பாடநூலையும்விட அத்தெருக்கள் நன்கு விளக்கும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடத்தில் நம் கையும் இருக்கட்டும். வரும் ஞாயிறன்று வெளிச் சலவைக்கூடத்துக்கு முதலில் செல்வோம். வர விரும்புவோர் விழா முடிந்தபின் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!